சாம் ரேபர்ன் நீர்ப்பாசிக்கு மேல் அரை அவுன்ஸ் ராட்-எல்-ட்ராப்: ஒரு மதிப்பீடு

அமெரிக்கத் தென்மாநிலங்களில் பாஸ் மீன் பிடிப்பவர்களுள் ராட்-எல்-ட்ராப் என்ற பெயரைக் கேள்விப்படாதவர் இருக்க மாட்டார். 1960களில் லூசியானாவைச் சேர்ந்த பில் லூயிஸ் உருவாக்கிய இந்தச் செயற்கை இரை, அடிப்படை வடிவம் பெரிதாக மாறாமல் இன்றும் விற்பனையில் இருக்கிறது. பல எடைகளில் கிடைக்கும் அதன் வரிசையில், பெரும்பாலோர் வாங்கும் அரை அவுன்ஸ் லூரை (செயற்கை இரையை அப்படித்தான் அழைப்பார்கள்) மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். களம் கிழக்கு டெக்சாஸின் சாம் ரேபர்ன் நீர்த்தேக்கம். ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை, அதாவது தை மாதப் பிற்பாதி தொடங்கி மாசி முடியும் வரை, அந்த ஏரியின் நீர்ப்பாசிக்கு மேல் கொடுத்த காசுக்கு இந்த அளவு உழைக்கும் லூர் வேறொன்று எனக்குத் தெரியவில்லை. மற்ற மாதங்களில் அது பெட்டியில் ஓர் ஓரமாக இருக்கலாமே தவிர, அதை மட்டும் நம்பிப் படகை இறக்குவது வீண் பெட்ரோல் செலவு.

ஏரியைப் பற்றிச் சிறிது சொல்லாமல் லூரை மதிப்பிட முடியாது. ஹூஸ்டனிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ இரண்டரை மணி நேரக் கார்ப் பயணத்தில் உள்ள சாம் ரேபர்ன், ஆஞ்சலினா ஆற்றின் குறுக்கே அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை 1965இல் கட்டி முடித்த அணையால் உருவானது. பக்கத்திலுள்ள டோலிடோ பெண்ட் இதைவிடப் பெரியது என்றாலும் அதில் பாதி லூசியானாவுக்குரியது. முழுக்க டெக்சாஸ் எல்லைக்குள் அடங்கும் நீர்த்தேக்கங்களில் ஏறத்தாழ 1,14,500 ஏக்கர் பரப்புள்ள இதுவே பெரியது. வழக்கமான நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 164.4 அடி. இந்த எண்ணை மனத்தில் வைத்திருப்பது அவசியம். நீர்மட்டம் இரண்டு மூன்று அடி ஏறினால், சென்ற வாரம் நாலடி ஆழத்தில் இருந்த பாசியின் நுனி இந்த வாரம் ஆறேழு அடிக்குக் கீழே போய்விடும். அதே இடத்தில் அதே வேகத்தில் சுற்றுபவர் பாசியைத் தொடாமலேயே நாளைக் கழித்துவிடுவார். புறப்படுவதற்கு முந்தைய இரவு அன்றைய நீர்மட்டத்தைப் பார்ப்பது, வானிலை பார்ப்பதைவிட எனக்கு முக்கியமான வேலை.

இங்கே பாசி என்று நான் சொல்வது பெரும்பாலும் ஹைட்ரில்லாவை. நம் ஊர்க் குளங்களில் இயல்பாக வளரும் நீர்க்கொடிதான் அது. 1950களின் தொடக்கத்தில் மீன்தொட்டி வணிகத்துக்காக இலங்கையிலிருந்து ஃபுளோரிடாவுக்கு வரவழைக்கப்பட்டு, அங்கிருந்து தெற்கு மாநிலங்களின் நீர்நிலைகள் எங்கும் பரவியது. படகுத்துறை வைத்திருப்பவருக்கும் நீர்வளத் துறைக்கும் அது தலைவலி. பாஸ் பிடிப்பவருக்கோ அது இல்லாத ஏரி பாதி ஏரிதான். கோடையில் நீர்ப்பரப்பு வரை எழும்பிப் பாய் விரித்துவிடும் இந்தக் கொடி, குளிர்காலத்தில் மடிந்து அடங்கி, நீருக்கடியில் ஒன்றிரண்டு அடி உயரத்துக்கு மட்டும் நிற்கும். அப்போது அதன் நுனிக்கும் நீர்ப்பரப்புக்கும் இடையே சில அடி இடைவெளி கிடைக்கிறது. ராட்-எல்-ட்ராப் வேலை செய்வது அந்த இடைவெளியில்தான்.

அந்தச் சமயத்தில் மீன் ஏன் அங்கே வருகிறது என்பதற்கு எளிய காரணம் உண்டு. நாம் பேசும் பாஸ் வகையான லார்ஜ்மவுத் முட்டையிடுவது ஆழமற்ற, காற்று அடங்கிய கிளைக் குடாக்களில். நீரின் வெப்பம் 50 ஃபாரன்ஹீட்டைத் தாண்டி ஏறத் தொடங்கியதும், ஆழத்தில் குளிர்காலத்தைக் கழித்த பெண் மீன்கள், ஏரி உருவாவதற்கு முன்பு அங்கே ஓடிய சிற்றோடைகளின் தடத்தைப் பிடித்துக்கொண்டு கரைப்பக்கம் நகர்கின்றன. அந்தப் பழைய வாய்க்கால் வளையும் இடத்திலும், பாசி அதன் விளிம்பில் முடியும் இடத்திலும் தங்கி, நண்டுக்கு உறவான கிராஃபிஷையும் ஷாட் என்னும் சிறுமீனையும் வயிறு புடைக்கத் தின்கின்றன. முட்டை சுமந்து கனத்த மீன் கிடைக்கும் பருவம் இது. நீர் 60 ஃபாரன்ஹீட்டைக் கடந்து அவை முட்டையிடும் படுகைக்குப் போய்விட்டால் இந்த விளையாட்டு முடிந்தது. ஆகவே உள்ளபடி கையில் இருப்பவை ஆறேழு வாரங்கள்தாம்.

இனி லூர். மூன்று அங்குல நீளத்தில், பக்கவாட்டில் தட்டையான, உள்ளே வெற்றிடமுள்ள பிளாஸ்டிக் மீன் உருவம். வாயருகே நீட்டிக்கொண்டிருக்கும் தகடு, அதாவது கிராங்க்பெயிட் எனப்படும் பிற கடின லூர்களை ஆழத்துக்கு இழுத்துச் செல்லும் அந்த உதடு, இதில் கிடையாது. லைன், அதாவது தூண்டில் நூல், கட்டும் வளையம் மூக்கில் அல்லாமல் முதுகின் முன்பகுதியில் இருக்கிறது. இழுக்கும்போது தலை சற்றுக் குனிந்து, நெற்றியில் மோதும் நீர் இருபுறமும் மாறி மாறி வழிய, உடல் முழுவதும் நெருக்கமாக அதிர்கிறது. வயிற்றிலும் வாலிலும் ஒவ்வொரு மும்முனைக் கொக்கி. உள்ளே அடைத்த சிறு குண்டுகள் அந்த அதிர்வில் சலசலக்கின்றன. கையில் எடுத்து ஆட்டினாலே கடைக்குள் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இது மிதக்காது, விட்டால் மூக்கு முன்னே போகச் சாய்ந்தபடி மூழ்கும். எவ்வளவு ஆழத்தில் ஓட வேண்டும் என்பதை லூர் தீர்மானிப்பதில்லை. எண்ணி விடும் நேரமும் ரீல் சுற்றும் வேகமும் தீர்மானிக்கின்றன. புதியவருக்கு இதுவே சிரமம். உதடுள்ள லூரை வாங்கினால் ஆறடி என்று பெட்டியில் போட்டிருப்பது ஏறக்குறைய ஆறடியாகவே ஓடும். இங்கே அந்த வசதி இல்லை.

வீசி இழுத்தாலே மீன் கடிக்கும் என்று சொல்லிக் கொடுப்பவர்கள் பாதி உண்மையைத்தான் சொல்கிறார்கள். வெதுவெதுப்பான தெற்குக் காற்று இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வீசி, நீர் லேசாகக் கலங்கியிருக்கும் பிற்பகல்களில் நேராகச் சுற்றினாலும் கிடைக்கும். மற்ற நாள்களில் பாசியைத் தொட்டாக வேண்டும். லூர் விழுந்ததும் லைனைத் தளர்த்திப் பாசியின் தலையில் படும் வரை எண்ணுங்கள். அடுத்த வீச்சில் அதற்கு ஒன்றிரண்டு எண்ணிக்கை முன்பாகவே சுற்றத் தொடங்குங்கள். ராடின், அதாவது தூண்டில் கோலின், நுனியைத் தாழ்த்தி, சீராகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது அதிர்வு திடீரென்று மந்தமாகும். கொக்கியில் ஓர் இலைக்கொத்து மாட்டியிருக்கிறது என்று பொருள். அந்தக் கணத்தில் ரீலை நிறுத்திவிட்டு மணிக்கட்டால் மேல்நோக்கி ஒரு வெட்டு வெட்ட வேண்டும். மெதுவாக இழுத்தால் பாசி நாராக நீண்டு கூடவே வரும். வெடுக்கென்று இழுத்தால் குளிரில் நொறுங்கும் பதத்திலிருக்கும் தண்டு முறிந்து, பச்சைத் துணுக்குகள் சிதற, லூர் விடுபட்டு மேலே எம்பும். எம்பிய லூர் மறுபடி தாழும் அந்த அரை நொடியில்தான் பெரும்பாலான கடிகள் விழுகின்றன. கடி என்றால் கையில் தட்டுவது போல எதையும் எதிர்பார்க்க வேண்டாம். பல தடவை லைன் தொய்ந்து போகும், அல்லது அடுத்த சுற்றில் ஈரச் சாக்கை இழுப்பதுபோலக் கனக்கும். சந்தேகம் வந்தால் பக்கவாட்டில் ராடை ஓங்கி இழுத்துவிடுவதே சரி. பாசியாக இருந்தாலும் அதுவே விடுவிக்கும் செயலாகிவிடும்.

வாடைக் காற்றோடு குளிர் அலை இறங்கி, வானம் துடைத்து விட்டாற்போல் நீலமாகிவிட்ட மறுநாள் கணக்கே வேறு. டெக்சாஸ் நீர்த்தேக்கங்களில் மீன்வளத் துறை பல ஆண்டுகளாக விட்டு வளர்த்திருக்கும் ஃபுளோரிடா வகைப் பாஸ் பெரிதாக வளரக்கூடியது. ஆனால் திடீர்க் குளிரில் வாயைக் கட்டிக்கொள்ளும். அத்தகைய நாளில் லூரைப் பாசி வரை மூழ்கவிட்டு, ராடால் இரண்டடி உயர்த்தி, லைன் முழுக்கத் தொய்யாமல் தாங்கியபடி மறுபடி இறக்கும் முறையைத்தான் நான் கையாள்வேன். இதில்தான் ராட்-எல்-ட்ராப்பின் ஒரு குறை தெரிகிறது. அது விழும்போது பெரிதாக அசைவதில்லை. மூக்கை நீட்டிக்கொண்டு இறங்கிவிடுகிறது. ஸ்ட்ரைக் கிங் நிறுவனத்தின் ரெட் ஐ ஷாட் என்ற லூர் இந்த இடத்தில் மேம்பட்டது. அது விழும்போதே பக்கவாட்டில் உதறிக்கொண்டே போகும். மந்தமான மீனுக்கு விழும் அசைவே இரை. அதனால் என் பெட்டியில் இரண்டும் இருக்கும்: வேகமாக வெட்டி இழுக்கும் நாளுக்கு ராட்-எல்-ட்ராப், தூக்கி இறக்கும் நாளுக்கு ரெட் ஐ ஷாட். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் முதலாவதையே வாங்கச் சொல்வேன். அதன் நெருக்கமான அதிர்வு பாசியிலிருந்து விடுபட்டதும் ஒரு சுற்றுக்குள் மீண்டும் பிடித்துக்கொள்கிறது. பதினைந்து, இருபது டாலர் விலையுள்ள ஜப்பானிய லூர்கள் வேலைப்பாட்டில் அழகானவை. ஆனால் பட்ட மரங்களின் அடிக்கட்டைகள் நிறைந்த ஏரியில், பத்து டாலருக்குள் கிடைப்பதை வீசும்போது கைக்கு இருக்கும் துணிச்சல் அவற்றை வீசும்போது இருப்பதில்லை.

இந்த லூருக்குச் செலவழிப்பதைவிட அதை வீசும் ராடுக்குச் செலவழிப்பது முக்கியம். மாட்டிய மீன் தப்புவதே இவ்வகை லூர்கள் எல்லாவற்றின் மீதும் சொல்லப்படும் பெரிய புகார். காரணம் கொக்கியின் கூர்மை மட்டுமல்ல. அரை அவுன்ஸ் கட்டியை உதட்டில் தொங்கவிட்டுக்கொண்டு பாஸ் துள்ளி எழுந்து தலையை உதறும்போது, அந்த எடையே நெம்புகோலாகி, சிறிய மும்முனைக் கொக்கியைப் பிடுங்கிவிடுகிறது. விறைப்பான கிராஃபைட் ராட் இந்த உதறலுக்கு இடங்கொடுக்காது. ஒவ்வோர் உதறலிலும் லைன் ஒரு கணம் தொய்ந்து, மறுகணம் சுண்டும். கண்ணாடி இழையும் கிராஃபைட்டும் கலந்து செய்த, நடுப்பகுதி வரை வளைந்து கொடுக்கும் ஏழடி அல்லது ஏழடி மூன்று அங்குல ராட் அந்தத் தொய்வை விழுங்கிவிடும். ஆனால் முழுக்கக் கண்ணாடி இழையால் ஆன ராட் வேண்டாம் என்பது என் கருத்து. மீனைப் பிடித்து வைப்பதில் அதற்கு நிகரில்லை என்றாலும், பாசியை வெட்டி விடுவிக்கும்போது நுனி தாமதமாகவே எழும். மாலைக்குள் தோள் சொல்லிவிடும். அடிப்பாகம் வலுவாக, நுனி இளகியதாக உள்ள கலப்பு ராடே இங்கு நடுநிலை.

லைன் விஷயத்தில் ஏரியிலேயே இரண்டு கட்சி உண்டு. பின்னல் லைன் பாசித் தண்டை அறுக்கும், நீளாது, தூரம் போகும். அதே நீளாத குணம்தான் படகருகே துள்ளும் மீனின் வாயைக் கிழித்துக் கொக்கியை வெளியே கொண்டுவருகிறது. நான் 15 அல்லது 17 பவுண்டு இழுவை தாங்கும் ஃபுளோரோகார்பன் லைன் கட்சி. அது மூழ்குவதால் லூரைப் பாசியின் தலையோடு தாழ்த்தி வைக்க உதவுகிறது. கட்டைகளில் உரசினாலும் ஓரளவு தாங்கும். சாதாரண நைலான் லைன் மிக மெதுவாகவே மூழ்கும், அதிகமாக நீளவும் செய்யும். தூரத்தில் பாசியை வெட்டும் வேகம் லூருக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதியாகிவிடும். எதைக் கட்டினாலும் கடைசி ஓரடியை அவ்வப்போது விரலில் தடவிப் பார்த்து, சொரசொரத்திருந்தால் வெட்டிவிட்டு மறுபடி முடிச்சுப் போடுவது நல்லது.

ரீலில், கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு லைன் உருளை ஏழு முறை சுழலும் பெயிட்காஸ்டர் வகையே போதும். அதைவிட வேகமான ரீல் குளிர்ந்த நீரில் கையை அவசரப்படுத்தும்.

நிறங்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் முடிவே இராது. இந்த லூர் கிடைக்கும் நிறங்களின் எண்ணிக்கை மீனைப் பிடிப்பதற்கென்று வைத்ததா, வாங்குபவரைப் பிடிப்பதற்கென்று வைத்ததா என்று கேட்கத் தோன்றும். ஆனால் கிழக்கு டெக்சாஸில் சிவப்புக்கு இருக்கும் புகழ் வெறும் விற்பனைத் தந்திரம் அல்ல. இந்த ஏரியின் பெயரையே தாங்கிய ஒரு சிவப்பு நிறம் கூட விற்பனையில் உண்டு. பாஸின் கண்ணில் பச்சைக்கும் சிவப்புக்கும் உணர்வுள்ள இரண்டு வகைக் கூம்பணுக்கள் இருக்கின்றன. தெளிந்த நீரில் ஆழம் கூடக் கூடச் சிவப்பு முதலில் மங்குவது உண்மைதான். ஆனால் நாம் பேசுவது நாலைந்து அடி ஆழத்தை, அதுவும் தேநீர் நிறத்துக்குக் கலங்கிய நீரை. அங்கே சிவப்பு நன்றாகவே தெரியும்; பருவத்தின் முக்கிய உணவான கிராஃபிஷும் செம்பழுப்பு நிறமே. எனவே நீர் கலங்கியிருந்தால் சிவப்பு, தெளிந்திருந்தால் நீல முதுகுள்ள வெள்ளிப் பளபளப்பு, வானம் மூடியிருந்தால் பொன்னிறம் என்ற மூன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். மற்றவை சுவரில் மாட்டி அழகு பார்க்க.

சலசலப்பும் எப்போதும் நன்மை என்று சொல்வதற்கில்லை. பந்தயப் படகுகள் வாரம் தவறாமல் உழும் பகுதிகளில், மீன் அந்த ஒலியை நன்றாகவே அறிந்துவிடுகிறது. அத்தகைய இடத்தில் ஒரே குண்டு உள்ளே தட்டும் தாழ்ந்த ஒலியுடைய லூரோ, குண்டே இல்லாத ஊமை லூரோ கைகொடுக்கும். முந்தைய படகு சென்ற தடத்திலேயே அதே ஒலியை அனுப்புவதில் பயனில்லை.

மற்றப் பருவங்களைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஏப்ரல், மே மாத விடியற்காலைகளில் ஷாட் மீன்கள் பாசி விளிம்பில் முட்டையிட வரும்போது, வெள்ளி நிற லூரை வேகமாக இழுத்தால் சூரியன் மேலே ஏறும் வரை நல்ல பலன் உண்டு. அதன்பின் கடை மூடிவிடும். கோடையில் பாசி நீர்ப்பரப்பைத் தொட்டுவிடுவதால் இரண்டு மும்முனைக் கொக்கிகளுள்ள எதையும் அதற்குள் வீசுவது தோட்ட வேலையாகத்தான் முடியும். பெரிய மீன்கள் அப்போது 15 முதல் 25 அடி ஆழத்திலுள்ள மேடுகளுக்கும் முட்புதர்க் குவியல்களுக்கும் போய்விடுகின்றன. அங்கே ஆழமாக ஓடும் உதடுள்ள கிராங்க்பெயிட்டும், எடை கட்டி அடியில் இழுக்கும் ரப்பர் புழுவும்தான் வழி. அக்டோபரில் மேல்நீர் குளிர்ந்து கீழிறங்கி ஏரி கலங்கும் சில நாள்கள் எதுவுமே சரிவராது. அது அடங்கியபின் ஷாட் கூட்டங்கள் ஓடைக் கிளைகளுக்குள் நுழைய, பாஸ் பின்தொடரும். நீர் மேலே கொதிப்பதுபோல் சிதறும் இடத்தைக் கண்டால் ராட்-எல்-ட்ராப்பைத் தாண்டி வீசி வேகமாகச் சுற்றலாம். அப்போது கிடைப்பவை எண்ணிக்கையில் அதிகம், எடையில் குறைவு.

சட்டம் பற்றியும் ஒரு சொல். 17 வயது நிறைந்தவருக்கு மீன்பிடி உரிமம் வேண்டும். லார்ஜ்மவுத் 14 அங்குலத்துக்குக் குறைந்தால் விட்டுவிட வேண்டும்; ஒரு நாளுக்கு ஐந்துதான் வைத்துக்கொள்ளலாம். முட்டை சுமந்த பெரிய மீனைப் படமெடுத்துவிட்டு உடனே விடுவதே வழக்கமான மரியாதை. விடுவிக்கும்போது நீள மூக்குக் குறடு இல்லாமல் கையை வாயருகே கொண்டு போகாதீர்கள். மீனின் உதட்டில் ஒரு கொக்கியும் உங்கள் கட்டைவிரலில் மற்றொன்றுமாக மாட்டிக்கொண்டால், மீன் உதறுவதை நிறுத்தாது.

படகில்லாதவர்கள் இதை வாங்கலாமா என்று கேட்பதுண்டு. கரைக்குப் பக்கத்திலேயே அடிக்கட்டைகளும் புதர்களும் மண்டிய பெரும்பாலான இடங்களில் வேண்டாம். மாட்டிய லூரைத் தட்டி எடுக்கும் எடைக்குண்டைப் படகிலிருந்து நேர் மேலே நின்றுதான் இறக்க முடியும், கரையிலிருந்து முடியாது. அணைச் சரிவின் பாறை அடுக்கிலும் பாலங்களின் கல்லணைப்பிலும் நிற்பவருக்கு மட்டும் இது பொருந்தும். பிப்ரவரிப் பிற்பகல் வெயிலில் அந்தக் கற்கள் சூடேறி அருகிலுள்ள நீரையும் சற்றுச் சூடாக்கும். கரைக்கு நேர் எதிரே வீசாமல், கல்வரிசைக்கு இணையாக வீசி, நாலைந்து அடி ஆழத்திலேயே லூர் ஓடும்படி ராடைச் சற்று உயர்த்திப் பிடித்துச் சுற்றினால் போதும். அதற்குச் சிவப்பில் ஒன்று, நீல முதுகு வெள்ளியில் ஒன்று என இரண்டு அரை அவுன்ஸ் லூர்கள் வாங்கினால் சரியாக இருக்கும்.